மேலுமலையும் பிள்ளையார்பாளையமும்

கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி போகிற வழியில் மேலுமலை ஏற்றம் வரும். சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் ஏற்றம் ஏற்றம்தான். லாரிகள் இடப்பக்கம் ஒதுங்கி முனகிக்கொண்டு ஏறும். அண்ணன் பழசாக வாங்கிய பிக்கப் வண்டி அந்த லாரிகளுக்கும் பின்னால் ஏறியது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வேகம் கூடவில்லை. கரும்புகைதான் கூடியது. ஏற்றியிருந்தது ஆரணி அரிசி, ஒரு டன்கூடத் தேறாது. இரண்டரை லிட்டர் டர்போ டீசல் இன்ஜினுக்கு அது ஒரு பாரமே இல்லை. பெங்களூரில் அரிசியை இறக்கிவிட்டுப் பட்டு நூல் சிப்பங்களோடு திரும்பியபோது, வழியெல்லாம் இறக்கம் என்பதால் வண்டி சமர்த்தாக வந்தது. அதனால் ஊரில் யாரும் நம்பவில்லை. "நல்லாத்தானப்பா ஓடுது" என்றார்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறியை விட்டு இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்களில் ஏறிப்போனார்கள். சிலர் சரக்கு வண்டி வாங்கினார்கள். 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்ததுதான் இதற்கு வழிவிட்டது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன்; ஊர் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. தறிக் கட்டை, ஜக்கார்டு பெட்டி, பந்தல் சாமான், ராஜாஜி மார்க்கெட் காய்கறி என்று எதைக் கொடுத்தாலும் சுமந்துகொண்டு எங்கள் தெருக்களில் புகுந்து வரும். 2011-ல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்டு தோஸ்த் வந்து, ஒன்றேகால் டன் வரை ஏற்றலாம் என்று ஆசை காட்டியது. அண்ணனும் குட்டி யானையில் தொடங்கியவர்தான். பெங்களூர் வாடகை கண்ணில் பட்டதும் பெரிய பிக்கப்புக்குத் தாவினார். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். வண்டிக் கணக்கு நோட்டு என் பொறுப்பு. அந்த உரிமையில் வண்டி விஷயத்தில் கருத்துச் சொல்வேன், யாரும் கேட்கமாட்டார்கள்.

வண்டி இழுக்கவில்லை என்றால் நம் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. நாஸிலைச் சர்வீஸ் செய்தார்கள். ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்று ஒருவர், டர்போ போய்விட்டது என்று இன்னொருவர். டர்போவுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு அண்ணன் இரவு சாப்பிடவில்லை. கடைசியில் வண்டியில் கிளீனராக இருந்த பையன்தான் சைலன்சர் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, சைலன்சரை மாத்திடலாம்ணே. நல்ல சவுண்டா ஒண்ணு போட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்."

சத்தம் கூடினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை அந்தப் பையனுக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். 1983-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஃப்ளோமாஸ்டர் போன்ற கம்பெனிகள் எந்த டப்பாவுக்கு என்ன உறுமல் வரும் என்பதையே சொல்லி விற்கின்றன. அங்கே அகலமான சாலை, தள்ளித் தள்ளி வீடு. நம் ஊரில் திண்ணைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகத்தான் இடம். ஆனாலும் பையன் சொன்னதில் பாதி சரி என்பது பட்டறையில் தெரிந்தது.

செவிலிமேடு போகும் வழியில் பாய் ஒருவரின் மெக்கானிக் பட்டறை. அதிகம் பேசமாட்டார். வண்டியைச் சுற்றி வந்து, சைலன்சரைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "மூச்சு முட்டுது வாத்தியாரே. ஆனா பார்க்காம சொல்லக்கூடாது" என்று பையனை அனுப்பிப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் லெவல் டியூப் வாங்கிவரச் சொன்னார்.

அவர் செய்ததை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சைலன்சருக்கு முன்னால், இன்ஜின் பக்கத்துக் குழாயில் ஒரு துளை போட்டு, அதன்மேல் ஒரு நட்டை வெல்டு வைத்தார். நட்டில் பழைய பிரேக் பைப்பு ஒன்றைக் கை நீளத்துக்குத் திருகினார். புகையின் சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடக்கூடாதே, அதற்காக. பைப்பின் மறுமுனையில் லெவல் டியூபைச் செருகி, டியூபை ‘ப’ வடிவில் வளைத்து ஒரு நீளப் பலகையில் ஆணியடித்துச் சுவரில் சாய்த்தார். பாதிவரை தண்ணீர். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் எப்போதோ கொடுத்த அரக்குச் சாயத்தில் ஒரு சிட்டிகை போட்டார். இன்ஜின் ஓடும்போது புகை வெளியே போக முடியாமல் எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுக்கு ஒரு கை நீர் இறங்கும், மறு கை நீர் ஏறும். டர்போ டீசல்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 10 கிலோபாஸ்கல் அளவு. தண்ணீர்க் கணக்கில் இரண்டு கைக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாய்க்குப் பாஸ்கல் கணக்கு தெரியாது. ஆனால் "ரெண்டு முழம் தாண்டினா ஆபத்து" என்று அவர் வைத்திருந்த அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

ஐட்லிங்கில் நாலு விரற்கடை வித்தியாசம் காட்டியது. பையன் ஆக்சிலேட்டரை மிதித்தான். அரக்குத் தண்ணீர் விறுவிறுவென ஏறி, டியூபின் வாய் வழியாகக் கொப்பளித்துச் சுவரில் அடித்தது. அண்ணன் சட்டையிலும் கொஞ்சம். சைலன்சரைக் கழற்றிவிட்டு மறுபடி மிதித்தபோது ஒரு சாண்கூட ஏறவில்லை.

"லோடே இல்லாம இவ்ளோ. மலையில என்னா ஆவும், நீங்களே கணக்குப் போடுங்க" என்றார் பாய்.

கணக்கு சுலபம். டர்போ சுழல்வது புகையின் தள்ளலால். உள்ளே வரும் புகையின் அழுத்தத்துக்கும் வெளியே போகும் புகையின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அந்தச் சக்கரம் ஓடுகிறது. வெளிவாசலை அடைத்தால் டர்போ சோம்பும், காற்று குறையும், மிதிக்கிற மிதிக்கு டீசல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். முழுசாக எரியாத டீசல்தான் மேலுமலையில் நாங்கள் பார்த்த கரும்புகை. பாரம் ஏற ஏறப் புகையும் கூடும் என்பதால் அடைப்பின் தொல்லை சமவெளியில் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும்.

பழைய சைலன்சரைக் கிரைண்டரால் நீளவாக்கில் பிளந்தார். உள்ளே ஒரு தடுப்புத் தகடு வெல்டு விட்டுச் சரிந்து, துளைக் குழாயின் வாயை முக்கால்வாசி மூடிக் கிடந்தது. அடியில் துருச் செதில்களும் கரியும் கெட்டிப்பட்டு ஒரு சேறு. கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் சொந்தக்காரர் வண்டியை ஊருக்குள்ளேயே, தெருவுக்குத் தெரு ஓட்டியிருக்கிறார். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுஞ்சாலையில் ஓடினால் சைலன்சர் சூடேறி அது ஆவியாகவே போய்விடும். ரெட்டை மண்டபத்திலிருந்து மூங்கில் மண்டபம் வரை ஓடி நிற்கும் வண்டியில் டப்பா சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். நீர் உள்ளேயே படிந்து, புகையின் அமிலத்தோடு சேர்ந்து, தகட்டை உள்ளிருந்து தின்னும். நீர் வடிய அடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதைக்கூட மண் அடைத்திருந்தது.

சைலன்சர் வேலை செய்யும் விதத்தைப் பையனுக்குப் பாய் சொன்ன அழகை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. "வரதர் கோயில் கருட சேவைக்குக் கட்டை கட்டிக் கூட்டத்தை வளைச்சு வளைச்சு விடுறாங்கல்ல, அதான்டா இது. ஜனம் நிக்காம நகரணும், தள்ளுமுள்ளு மட்டும் அடங்கணும்." 1897-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் ஊரில் ரீவ்ஸ் சகோதரர்கள் இன்ஜின் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து எல்லோரும் மல்லுக்கட்டுவது இந்த ஒரு இடத்தில்தான்: புகை தடையில்லாமல் போக வேண்டும், சத்தம் போகக் கூடாது.

இனி எதைப் போடுவது? அந்த மாடலுக்குக் கம்பெனி சைலன்சர் வர நாளாகும் என்றார்கள், விலையும் கை சுட்டது. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் சைலன்சர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வெளியே பெயின்ட் அடித்த பழைய டப்பாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கினவன் வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். பையன் ஆசைப்பட்டது மூன்றாவது: நேர்க்குழாய். நடுவே துளை போட்ட நேரான குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, வெளியே ஒரு தகட்டு உறை. தடுப்பே கிடையாது. பாயிடம் வேறு வண்டிக்குச் செய்தது ஒன்று கிடந்தது. "மாட்டிப் பாருங்க, பிடிக்கலேன்னா கழட்டிக் குடுங்க" என்றார். டியூபில் அளந்தபோது, சைலன்சரே இல்லாமல் ஓட்டியதற்கும் இதற்கும் மூன்று விரல்தான் வித்தியாசம். இழுவையில் குறையே சொல்ல முடியாது. பையன் முகத்தில் தீபாவளி.

இரண்டு நாளைக்குள் தெரு எங்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசியது.

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை தெருவில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான பட்டுப் பாவு, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும். கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் வண்டி எடுப்பவர்கள் ஓரமாக ஊர்ந்து போவார்கள். புதுக் குழாயோடு அண்ணன் ஊர்ந்துதான் போனார். ஆனால் அதற்குள் பல வருஷத்துக் கரி படிந்திருந்த பின்குழாய் அதிர்ந்து அதிர்ந்து உதிர்த்தது, பக்கத்து வீட்டுச் சந்தனக் கலர்ப் பாவின் மேல். ஈரக் கஞ்சியில் விழுந்த கரியைத் தட்டவும் முடியாது, துடைக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. பாதிக்கப்பட்ட இழைகளை ஒவ்வொன்றாக விரலால் தூக்கி அண்ணனிடம் காட்டிக்கொண்டே போனார். தறிக்காரனாக இருந்தவருக்கு அதைவிடத் தண்டனை கிடையாது.

மத்தியானம் இன்னொரு புகார். எதிர்வீட்டு மாமா குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர். "தம்பி, உங்க வண்டி தெருமுனையில திரும்பும்போதே எனக்குக் கால்ல தெரியுதுடா" என்றார். மிகைப்படுத்தவில்லை. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று ஓடினால் நொடிக்கு 60 முறை வெடிக்கும். கண்ணாடிப் பஞ்சு கீச்சொலிகளை நன்றாக விழுங்கும். இந்த மாதிரி அடிக்குரல் அதை மதிக்காது, அதை அடக்க அறைகளும் தடுப்புகளும்தான் வேண்டும். அடிக்குரல் சுவரையும் தரையையும் ஆட்டும். தரைக்குள் காலை விட்டு, மிதிகட்டையில் பாதம் வைத்து உட்கார்ந்திருப்பவருக்குக் காதுக்கு முன் காலுக்குத் தெரிவதில் ஆச்சரியம் என்ன? போதாததற்குப் பஞ்சு நாளாக ஆகக் கருகி உதிரும், சத்தம் மாதாமாதம் கூடும். சட்டமும் ஒத்துவராது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, முடிந்த அளவு சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம் என்கிறது. தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்குப் போனால் முதலில் அங்கேதான் மாட்டியிருப்போம்.

நேர்க்குழாய் பட்டறைக்கே திரும்பியது. பையன் ஒரு நாள் பேசவில்லை.

அண்ணனும் பாயும் நானும் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். கடைகளில் வரிசையாகத் தொங்கும் சைலன்சர்கள் எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும். பாய் தேர்ந்தெடுத்த முறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு கையாலும் தூக்கினார். ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களில் கனமானதில் தகடு தடிமன், உள்ளே தடுப்பும் கூடுதல். பிறகு காதருகே குலுக்கினார், உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. வாய்க்குள் டார்ச் அடித்துத் துளைக் குழாயைப் பார்த்தார். துளைகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் ஓரம் பிசிறில்லாமலும் இருக்க வேண்டுமாம். சட்டைப் பையிலிருந்த நூல் கயிற்றால் உள்வாயின் சுற்றளவைப் பழைய குழாயோடு ஒப்பிட்டார். வாய் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று அண்ணன் கேட்டதற்கு, "டர்போ வண்டிக்குப் பெருசா இருந்தா பரவாயில்ல. ஆனா பெருசுல இருந்து சின்னதுக்கு எறங்குற எடத்துலதான் கரி உக்காரும்" என்றார். கடைக்காரர் ஒன்றைக் காட்டி "எஸ்எஸ் சார், காந்தம் ஒட்டினாலும் எஸ்எஸ்தான்" என்றபோது நான் சிரிக்கப்போனேன், பாய் தடுத்தார். உண்மைதான்: சைலன்சருக்கு அதிகம் பயன்படும் 409 ரகத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டும். அது விலை அதிகம். அலுமினியம் பூசிய எஃகுத் தகட்டில் மூன்று அறை, இரண்டு தடுப்பு, அடியில் வடிதுளை உள்ள ஒன்றை எடுத்தோம். கம்பெனி சைலன்சரைவிடக் கொஞ்சம் நீளம். ஸ்டெப்னியில் இடிக்காமல் மாட்டுவதற்குப் பட்டறையில் அரை நாள் போனது.

பின்குழாயைப் பாய் புதிதாக வளைத்தார். சும்மா வளைத்தால் வளைவில் குழாய் நசுங்கும், வாங்கிவந்த சைலன்சரின் பாதி நன்மை அந்த நசுங்கலில் போய்விடும். குழாய் நிறையப் பாலாற்று மணலைத் திணித்து, இரு முனையும் அடைத்து, கேஸ் வெல்டிங் தீயில் பழுக்கக் காய்ச்சி மெல்ல வளைத்தார். வளைவு முழு உருண்டையாக வந்தது. பையன் வாயை இடப்பக்கம் திருப்பிவிடச் சொன்னான், பார்க்க ஜோராக இருக்குமாம். விதிப்படி புகை பின்பக்கமாகவோ வலப்பக்கமாகவோதான் போக வேண்டும். இடப்பக்கம் நடப்பவர்கள் முகத்திலும் அடிக்கக் கூடாது, தரையைப் பார்த்தும் அடிக்கக் கூடாது. எங்கள் தெருவுக்கென்றே எழுதின விதி போலிருந்தது.

அந்த வேலையிலேயே இன்னொன்றையும் பிடித்தார். இன்ஜினிலிருந்து வரும் குழாய் சேருமிடத்தில் கேஸ்கெட் எரிந்து, புகை வண்டிக்கு அடியில் கசிந்துகொண்டிருந்தது. பாடியின் பலகை இடுக்கு வழியாகத் தார்ப்பாய்க்குள் ஏறிப் பட்டு நூல் சிப்பத்தில் டீசல் வாடை பிடித்திருந்தது. காந்தி ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் முன்பே மூக்கைச் சுளித்திருந்தார். நாங்கள் கிடங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

டியூபை மறுபடி மாட்டினோம். மிதித்தபோது ஒரு சாணும் நாலு விரலும். நேர்க்குழாயைவிடக் கூடுதல்தான், ஆனால் அந்தக் கூடுதல் ஓட்டுபவருக்குத் தெரியவே இல்லை. அடைத்த சைலன்சரிலிருந்து நல்ல சைலன்சருக்கு வந்தால் மலை வித்தியாசம். நல்லதிலிருந்து இன்னும் திறந்ததற்குப் போனால் காதுக்குத்தான் வித்தியாசம். பந்தய வண்டிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அவர்கள் அரிசி ஏற்றுவதில்லை.

அடுத்த பெங்களூர் வாடகையில் மேலுமலையை மூன்றாவது கியரில் ஏறினார் அண்ணன். புகை மெல்லிய சாம்பல் நிறத்தில் வந்தது. மைலேஜ் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். நோட்டுப்படி ஒரு கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. நான் திருத்தவில்லை.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதர் கோயிலில் அத்திவரதர் வைபவம். ஒரு கோடிக்கும் மேல் ஜனம் வந்த அந்த 48 நாளும் ஊரில் பாதிச் சாலைகளில் வண்டிக்கு இடமில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு அன்னதானச் சாமான்களும் தண்ணீர் கேன்களும் ஏற்றி அண்ணன் ஓட்டினார். முதல் கியரில், கூட்டத்துக்கு நடுவே, நடக்கிற வேகத்தில். வண்டிக்குப் பின்னால் கைக்குழந்தைகளோடு நடந்து வந்தவர்கள் யாரும் முகத்தை மூடவில்லை என்பதை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாராம். அப்படி நாள் முழுக்க ஊர்ந்த வண்டியில் கரி கட்டும் என்று பாய் முன்பே சொல்லிவைத்திருந்தார். தரிசனம் முடிந்ததும் வாலாஜா வரை நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு வந்தோம்.

அந்த வருஷம் செப்டம்பரில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சத்தத்துக்கும் புகைக்கும் முதல் முறை 1,000 ரூபாயாக இருந்த அபராதம் 10,000 வரை போகலாம் என்று ஆனது. செய்தியைப் பேப்பரில் காட்டியபோது பையன் தன் பைக்கில் போட்டிருந்த புல்லட் குழாயை அன்றைக்கே கழற்றினான்.

இப்போது அவனே டிரைவர். அண்ணன் புதிதாக வாங்கியிருப்பது 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பிஎஸ்6 வண்டி. இதில் சைலன்சர் தேர்ந்தெடுக்கும் பேச்சே கிடையாது. கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, அதற்கு முன்னும் பின்னும் சென்சார், எல்லாம் கம்ப்யூட்டரோடு கோத்திருக்கிறது. கழற்றினால் வண்டியே முரண்டு பிடிக்கும், எஃப்.சி.யும் கிடைக்காது. ஊருக்குள்ளேயே ஓட்டினால் வடிகட்டி நிறைந்து டாஷ்போர்டில் விளக்கு எரியும். சேர்ந்த கரியை எரித்துத் தள்ள நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். விளக்கு எரிந்தால் பையன் வெள்ளைகேட்டில் ஏறித் தாமல் வரை வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறான். அந்த டீசல் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அண்ணன் கேட்டார். சைலன்சர் செலவு என்று எழுதியிருக்கிறேன்.